124 டாலர் ஜெயிச்சாச்சு, ஆனா சரியா ஆடினோமா? லிமிட் போக்கர் கைகளைத் திருப்பிப் பார்ப்பது எப்படி

ஆன்லைன் போக்கர் மேஜையிலிருந்து லாபத்தோடு எழுந்திருக்கும் ஒருவர் அடுத்து என்ன செய்வார்? பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பர்கள் குரூப்பில் போடுவார். ஆடிப் பழகிய சிலர் மட்டும் அன்றைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ஜெயித்தவற்றையும் சேர்த்து, எங்கே தப்பு பண்ணோம் என்று தேடுவார்கள். இதற்கு 'ஹேண்ட் ரிவ்யூ' என்று பெயர். தோற்ற நாளில் இதைச் செய்ய யாரும் சொல்லித்தர வேண்டாம், மனசே அரித்துக்கொண்டிருக்கும். ஜெயித்த நாளில் உட்காருவதுதான் கஷ்டம். ஆனால் அன்றைக்குத்தான் அது அதிகம் தேவை. ஏன் என்று கணக்கோடு பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தியாவில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் போக்கரை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. எனவே கீழே வரும் கணக்குகள் எல்லாம் டாலரில், வெளிநாட்டுத் தளங்களில் வழக்கமாக இருக்கும் ஒரு மேஜையை வைத்து. வரும் மூன்று கைகளும் விளக்கத்துக்காக அமைத்தவை. சட்டம் பற்றிப் பின்னால் தனியாகப் பார்க்கலாம், அதற்கும் இந்த ரிவ்யூவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

லிமிட் போக்கர் என்றால் என்ன?

டிவியிலும் சினிமாவிலும் நாம் பார்ப்பது நோ-லிமிட். கையில் உள்ள சிப்ஸ் மொத்தத்தையும் ஒரே தள்ளாகத் தள்ளலாம். லிமிட்டில் அது முடியாது. பந்தயத்தின் அளவு முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டது.

2/4 டாலர் மேஜையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் 2 சீட்டு ரகசியமாக. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டு வரும்: முதலில் 3, அதுதான் ஃப்ளாப். பிறகு ஒன்று, டர்ன். கடைசியாக ஒன்று, ரிவர். பொதுச் சீட்டு வருவதற்கு முன்பும் ஃப்ளாப்பிலும் ஒவ்வொரு பந்தயமும் ரெய்ஸும் 2 டாலர். டர்னிலும் ரிவரிலும் 4 டாலர். சீட்டு போடும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் 'பிளைண்ட்' தொகை 1 டாலரும் 2 டாலரும். ஒரு சுற்றில் வழக்கமாக ஒரு பந்தயமும் மூன்று ரெய்ஸும்தான், அதற்கு மேல் ஏற்ற முடியாது. நடுவில் சேரும் மொத்தப் பணம் 'பாட்'. லாப நஷ்டத்தை 'பெரிய பந்தயம்' என்ற அலகில் சொல்வது வழக்கம். இங்கே ஒரு பெரிய பந்தயம் 4 டாலர்.

இந்தக் கட்டுப்பாட்டால் ஆட்டத்தின் குணமே மாறிவிடுகிறது. நோ-லிமிட்டில் ஒரே தப்பு மொத்தத்தையும் வாரிக்கொண்டு போகும், தப்பு எது என்பதும் கண்ணுக்குத் தெரியும். லிமிட்டில் தப்புகள் சில்லறையாகக் கசியும். ஒரு டாலர் இங்கே, ஒன்றரை டாலர் அங்கே. ஜெயித்த நாளில் அந்தக் கசிவு சுத்தமாகத் தெரியாது.

நம் உதாரண ஆட்டக்காரர் 6 பேர் மேஜையில் ஓர் இரவில் 300 கை ஆடி 124 டாலர், அதாவது 31 பெரிய பந்தயம் ஜெயித்திருக்கிறார். அந்த 300-ல் மூன்றை மட்டும் திறப்போம்.

முதல் கை: 19 டாலர் லாபம், ஆனால் தப்பு

நம்மவர் 2 டாலர் பிளைண்டில் இருக்கிறார், கையில் ஜாக்கி-10. முதல் இருக்கையில் இருப்பவர், கண்ட சீட்டை ஆடாத ஆள், 4 டாலருக்கு ரெய்ஸ் செய்கிறார். மற்றவர்கள் ஒதுங்க, நம்மவர் கால் செய்கிறார். ஒதுங்கியவரின் 1 டாலரையும் சேர்த்து பாட்டில் 9 டாலர்.

ஃப்ளாப்: ஏஸ், ராணி, 5. எதிராளி 2 டாலர் பந்தயம், நம்மவர் கால். பாட் 13. டர்ன்: 3. எதிராளி 4 டாலர் பந்தயம். பாட் 17. நம்மவர் மறுபடியும் கால். ரிவரில் வந்தது ராஜா! ஏஸ்-ராஜா-ராணி-ஜாக்கி-10, அந்த மேஜையில் அதைவிடப் பெரிய கை சாத்தியமில்லை. நம்மவர் செக் சொல்ல, எதிராளி 4 டாலர் வைக்க, நம்மவர் 8-க்கு ஏற்ற, எதிராளி கால். 37 டாலர் பாட் நம்மவருக்கு. அவர் போட்டது 18, ஆக லாபம் 19.

இப்போது ராஜா வந்ததை மறந்துவிட்டு டர்னுக்குத் திரும்புவோம். நமக்குத் தெரியாத சீட்டு 46. அதில் உதவுவது 4 ராஜா மட்டும். ஜாக்கியோ 10-ஓ வந்து ஜோடி சேர்ந்தாலும், ஏஸும் ராணியும் கிடக்கும் மேஜையில், முதல் இருக்கையிலிருந்து ரெய்ஸ் செய்த ஆளிடம் அது செல்லுபடியாவது அபூர்வம். ஆக 42 முறை தோல்வி, 4 முறை வெற்றி: 10.5-க்கு 1. பாட் தருவது என்ன? 17 டாலருக்கு 4 டாலர், அதாவது 4.25-க்கு 1. ராஜா விழுந்தால் ரிவரில் இன்னும் 8 டாலர் கறக்கலாம் என்று தாராளமாகச் சேர்த்துக்கொண்டாலும் 25-க்கு 4, அதாவது 6.25-க்கு 1. எட்டவே இல்லை. இதே காலை 100 முறை செய்தால் ஏறக்குறைய 9 முறை 25 டாலர் வரும், 91 முறை 4 டாலர் போகும். நிகரமாக 148 டாலர் அளவுக்கு நஷ்டம். ஒரு தடவைக்கு சுமார் ஒன்றரை டாலர்.

ஃப்ளாப்பில் செய்த காலை வேண்டுமானால் ஓரளவு நியாயப்படுத்தலாம். அப்போது கட்ட வேண்டியது 2 டாலர்தான், டர்னிலேயே ராஜா வந்தால் இரண்டு சுற்றுக்குப் பெரிய பந்தயம் வசூலாகும். டர்ன் காலுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. இதில் ஒரு கொசுறு: கடைசியில் எதிராளி காட்டிய சீட்டு ஏஸ்-ராஜா. நாலு ராஜாவில் ஒன்று அவர் கையிலேயே இருந்திருக்கிறது. நம்மவர் நினைத்ததைவிட நிலைமை மோசம்.

இரண்டாவது கை: 18 டாலர் நஷ்டம், ஆனால் சரி

கடைசியாக முடிவெடுக்கும் வசதியான 'பட்டன்' இருக்கையில் ஏஸ்-10. நம்மவர் 4-க்கு ரெய்ஸ், 2 டாலர் பிளைண்டில் இருப்பவர் 6-க்கு ஏற்ற, நம்மவர் கால். பாட் 13. ஃப்ளாப் 10-7-4, அதில் இரண்டு ஸ்பேடு. எதிராளி 2 டாலர் பந்தயம், நம்மவர் 4-க்கு ரெய்ஸ், எதிராளி கால். பாட் 21. டர்ன் ஜாக்கி. எதிராளி செக், நம்மவர் 4 டாலர் பந்தயம், எதிராளி கால். பாட் 29. ரிவர் ராணி, ஸ்பேடு இல்லை. இதுவரை அடங்கியிருந்த எதிராளி திடீரென்று 4 டாலர் வைக்கிறார். பாட் 33.

நம்மவர் கால் செய்தார். எதிராளி காட்டியது ஏஸ்-ராஜா, ஏஸ் முதல் 10 வரை வரிசை. கை போச்சு, மொத்தம் 18 டாலர் நஷ்டம். இந்த மாதிரிக் கைதான் ராத்திரி படுத்தபிறகும் ஓடும். 'அந்தப் பந்தயத்தைப் பார்த்ததுமே தெரிய வேண்டாமா, ஒதுங்கியிருக்கலாமே' என்று.

ஒதுங்கியிருக்கக் கூடாது. 33 டாலருக்காக 4 டாலர் கட்டுகிறோம். நம் கை 100-ல் 11 முறை ஜெயித்தாலே அந்த 4 டாலர் வீண் இல்லை. எதிராளியிடம் சேராமல்போன ஸ்பேடு இருக்கலாம், ஜாக்கியையும் ராணியையும் காட்டிப் பயமுறுத்தப் பார்க்கலாம், 9-9 வைத்துக்கொண்டு குழம்பியிருக்கலாம். இப்படி ஐந்தில் ஒரு முறை நடந்தால்கூட ஒவ்வொரு காலும் சராசரியாக 3.40 டாலர் லாபம். லிமிட்டில் பாட் பெரிசாக இருக்கும்போது தப்பாகக் கால் செய்தால் ஒரு பந்தயம் போகும். தப்பாக ஒதுங்கினால் மொத்தப் பாட்டும் போகும். இங்கே அது எட்டு மடங்கு.

கணக்குப் புத்தகத்தில் முதல் கை 19 வரவு, இரண்டாவது கை 18 செலவு. ரிவ்யூவில் இரண்டும் அப்படியே தலைகீழ்.

மூன்றாவது கை: ஜெயித்ததால் யாருமே பார்க்காதது

என் கணக்கில் மூன்றிலும் இதுதான் முக்கியமான கை. பார்க்க ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும்.

மறுபடியும் பட்டனில், ராஜா-ராணி. நம்மவர் ரெய்ஸ், 2 டாலர் பிளைண்ட் கால், பாட் 9. ஃப்ளாப்பில் ஆட்டின் ராணி, ஆட்டின் 8, கிளாவர் 3. நம்மவர் பந்தயம், எதிராளி கால். டர்ன் ஸ்பேடு 6. நம்மவர் பந்தயம், எதிராளி கால். பாட் 21. ரிவர் ஆட்டின் 2. மேஜையில் மூன்று ஆட்டின் ஆகிவிட்டது. எதிராளி செக். 'ஃப்ளஷ் அடிச்சிருப்பானோ' என்று பயந்து நம்மவரும் செக். எதிராளி ராணி-10 காட்ட, பாட் நம்மவருக்கு.

ஜெயித்த கை. ஆனால் ரிவரில் 4 டாலர் வைத்திருந்தால் ராணி-10 நிச்சயமாகக் கட்டியிருக்கும். இதையும் விளைவை வைத்துச் சொல்லக்கூடாது, சரிதான். அதனால் எதிராளி காட்டியதை மூடிவிட்டு யோசிப்போம். நாம் வைக்கும் பந்தயத்தை அவர் கட்டும்போது பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக நாம் முன்னால் இருந்தால் பந்தயம் லாபம். அந்தக் 'கொஞ்சம்' எதற்கு என்றால், அவர் செக் செய்துவிட்டு ரெய்ஸ் அடிக்கும் ஆபத்துக்கு. இரண்டு சுற்று வெறுமனே கட்டிக்கொண்டே வந்தவரிடம் சின்ன ராணிகள், 8-கள், நடுத்தர ஜோடிகள் எல்லாம் இருக்கலாம். இவற்றின் சேர்க்கைகள் ஃப்ளஷ் சேர்க்கைகளைவிட அதிகம். அதோடு, ஃப்ளஷ் அடித்தவர்களில் பலர் நாம் செக் செய்துவிடுவோம் என்று பயந்து தாங்களே பந்தயம் வைத்திருப்பார்கள். இவர் செக் செய்தார். பந்தயம் வைத்தே ஆக வேண்டிய இடம்.

போனால் 4 டாலர்தானே என்று தோன்றும். நல்ல லிமிட் ஆட்டக்காரர் ஒருவர் 100 கைக்கு 1 பெரிய பந்தயம் லாபம் பார்த்தால் அதுவே பெரிய விஷயம். இந்த மாதிரி ஒரு செக் 100 கைக்கு ஒரு தடவை நடந்தால், அவர் வருமானத்தின் பெரும்பகுதி சத்தமில்லாமல் போய்விடும். தோற்ற கைகளை மட்டும் ரிவ்யூ செய்கிறவர் கண்ணில் இது ஒருபோதும் படாது.

சரி, 31 பெரிய பந்தயம் லாபம் என்ன சொல்கிறது?

கிட்டத்தட்ட ஒன்றும் சொல்லவில்லை. 6 பேர் லிமிட் மேஜையில் 100 கைக்கான ஏற்ற இறக்கம், புள்ளியியலில் சொல்லும் திட்ட விலக்கம், சுமார் 16 பெரிய பந்தயம் என்று ஆட்டக்காரர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் 300 கைக்கு சுமார் 28.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 100 கைக்கு 1 பந்தயம் ஜெயிக்கும் திறமைசாலி. இன்னொருவர் 100 கைக்கு 1 பந்தயம் இழப்பவர். 300 கையில் திறமைசாலி எதிர்பார்ப்பது 3 பந்தயம் லாபம், இன்னொருவருக்கு 3 பந்தயம் நஷ்டம். 28 ஏறி இறங்கும் இடத்தில் இந்த 6 வித்தியாசம் என்ன ஆகும்? கணக்குப் போட்டால், தோற்கும் ஆள் 100 இரவு ஆடினால் 45, 46 இரவு லாபத்தோடுதான் எழுந்திருப்பார். 31 பந்தயமோ அதற்கு மேலோ ஜெயிக்கும் இரவுகள் திறமைசாலிக்கு 100-ல் 16, தோற்பவருக்கு 11. நம்மவர் இந்த இருவரில் யார் என்று அந்த 124 டாலரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

10,000 கை ஆடினாலும் அந்தத் திறமைசாலி நஷ்டத்தில் இருக்க நாலில் ஒன்றுக்கும் மேல் வாய்ப்பு உண்டு. 1 லட்சம் கைக்குப் போனால்தான் அது 100-ல் 2, 3 என்று சுருங்குகிறது. ஒரு இரவுக்கு 300 கை என்றால் 1 லட்சம் கை என்பது 330-க்கும் மேற்பட்ட இரவுகள்.

அதிர்ஷ்டத்தைக் கழிக்க ஆல்பர்ட்டாவில் என்ன செய்தார்கள்?

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் போக்கரை ஆராயும் குழு தேர்ந்தெடுத்தது இந்த லிமிட் ஆட்டத்தைத்தான். பந்தய அளவு நிலையானது என்பதால் கணக்கிட ஓரளவு வசதி. 2007-ல் அவர்களது போலாரிஸ் என்ற புரோகிராம், ஃபில் லாக், அலி எஸ்லாமி என்ற இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மோதியது. அதிர்ஷ்டத்தைக் குறைக்க ஒரு தந்திரம்: இரண்டு அறைகளில் ஒரே சீட்டு வரிசை, ஆனால் இடம் மாற்றி. இந்த அறையில் மனிதருக்கு வந்த சீட்டு, அந்த அறையில் இயந்திரத்துக்கு. இரண்டு முடிவையும் கூட்டினால் நல்ல சீட்டு வந்ததன் பலன் பெருமளவு அடிபட்டுப் போகும். அந்தத் தடவை மனிதர்கள் நூலிழையில் ஜெயித்தார்கள். அடுத்த ஆண்டு லாஸ் வேகஸில் போலாரிஸ் ஜெயித்தது.

2015 ஜனவரியில் அதே பல்கலைக்கழகத்தின் குழு, இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெம் நடைமுறையில் தீர்க்கப்பட்டுவிட்டது என்று சயின்ஸ் இதழில் அறிவித்தது. செஃபியஸ் என்ற அந்த புரோகிராம் 4,800 ப்ராசஸர் கோர்களில் 68 நாள் ஓடிக் கற்றுக்கொண்டது. 'தீர்க்கப்பட்டது' என்பதற்கு அவர்கள் வைத்த அளவுகோல் சுவாரஸ்யமானது. ஒரு மனிதர் மணிக்கு 200 கை வீதம், தினமும் 12 மணி நேரம், ஒரு நாள்கூட விடாமல் 70 வருஷம் அதற்கு எதிராகச் சிறப்பாக ஆடினாலும், அதில் குறை இருக்கிறது என்று புள்ளியியல் ரீதியாக நிரூபிக்க முடியாத அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்பதுதான் அது. அதன் மிச்சமிருக்கும் குறையைவிட சீட்டின் இரைச்சல் அவ்வளவு பெரிது.

இதில் இந்தியாவின் சட்டம் எங்கே வருகிறது?

போக்கர் திறமையா, அதிர்ஷ்டமா? இந்த ஒரு கேள்வியில்தான் நம் நீதிமன்றங்கள் பல வருஷம் நின்றன. 2017-ல் குஜராத் உயர் நீதிமன்றம் போக்கரைச் சூதாட்டம் என்றது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் வைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தின் மற்ற பகுதிகளைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டு, இந்த இரண்டும் திறமை விளையாட்டுகள், அவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது என்றது.

2025-ன் மத்தியச் சட்டம் அந்தக் கேள்வியையே ஓரமாக வைத்துவிட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவானாலும் தடை. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. சட்டத்தை எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் போடப்பட்ட மனுக்களை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

'திறமை விளையாட்டு' என்ற சொல்லை விளம்பரங்கள் பயன்படுத்திய விதத்தில்தான் சிக்கல். நீதிமன்றம் பேசியது விளையாட்டைப் பற்றி. ஆப்பைத் திறக்கும் இளைஞர் அதைத் தன்னைப் பற்றிய சான்றிதழாக எடுத்துக்கொண்டார். லட்சம் கைகளில் திறமை ஜெயிக்கும் என்பது உண்மை. சம்பளம் வந்த இரவில் ஆடும் 300 கையில் அது கண்ணுக்கே தெரியாது என்பதும் உண்மை. இதற்கு மேல் ஒவ்வொரு பாட்டிலும் தளம் எடுக்கும் கமிஷன் வேறு. மேஜையில் உள்ள எல்லோரும் சமத் திறமைசாலிகள் என்றால், அந்தக் கமிஷனால் எல்லோருமே தோற்பார்கள்.

ரிவ்யூ செய்யும் வேலை எப்படி நடக்கும்?

இலவச சிப்ஸில் ஆடினாலும், அது சட்டப்படி நடக்கும் நாட்டில் ஆடினாலும் முறை ஒன்றுதான். பெரும்பாலான தளங்கள் ஒவ்வொரு கையையும் டெக்ஸ்டாகச் சேமிக்கும். போக்கர்டிராக்கர் மாதிரி மென்பொருளில் ஏற்றினால் வகை பிரித்துப் பார்க்கலாம். நோ-லிமிட்காரர்கள் அதில் அதிர்ஷ்டத்தைக் கழித்துக் காட்டும் ஆல்-இன் கோட்டைப் பெரிதாக நம்புவார்கள். லிமிட்டில் யாரும் ஆல்-இன் போவது அபூர்வம் என்பதால் அந்தக் கோடு இங்கே பெரிதாக உதவாது. ஒவ்வொரு முடிவையும் கையால் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பெரிய பாட்களில் ஆரம்பிக்காமல், ரிவர் வரை போய் நீங்கள் செக் செய்து ஜெயித்த கைகளில் ஆரம்பியுங்கள். மூன்றாவது கையின் கூட்டாளிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். அடுத்து டர்னில் கட்டிய கால்கள். ஒவ்வொன்றிலும் முடிவெடுத்த இடத்தோடு நிறுத்தி, அடுத்த சீட்டையும் எதிராளியின் சீட்டையும் மறைத்துவிட்டு, பாட் எவ்வளவு, கட்ட வேண்டியது எவ்வளவு, உதவும் சீட்டு எத்தனை என்று எழுதணும். நண்பரிடம் காட்டுவதாக இருந்தால் யார் ஜெயித்தது என்று சொல்லாமல் காட்டுங்கள். சொல்லிவிட்டால் அவரும் ஜெயித்த காலுக்குக் காரணம் கண்டுபிடிக்கத் தொடங்கிவிடுவார்.

நம்மவரின் முதல் கைக்கான குறிப்பு ஒரே வரிதான்: மேஜையில் ஏஸ்-ராணி-5-3, கையில் ஜாக்கி-10, பாட் 17, கட்டியது 4, உதவும் சீட்டு 4, தப்பு. ரிவரில் என்ன வந்தது என்று அதில் எழுத இடமே கிடையாது.